நாட்டுத் துப்பாக்கி (தளி – அஞ்செட்டி மலைப்பகுதி)

நாட்டுத் துப்பாக்கி என்பது குழலின் வாய் வழியே கருமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்து, ஒரு தடவைக்கு ஒரு வெடி மட்டுமே சுடக்கூடிய நீள்குழல் துப்பாக்கி. தோட்டா என்று தனியே ஒன்று இதற்குக் கிடையாது. சுடுகிறவரே ஒவ்வொரு வெடிக்கும் மருந்தை அளந்து, குண்டைத் தேர்ந்து, தன் கையால் நிரப்பிக்கொள்ள வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கிலும் தெற்கிலும் கர்நாடக எல்லையை ஒட்டிக் கிடக்கும் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம், நாட்றாம்பாளையம் வட்டாரங்களில் பயிர்க்காவலுக்கும் திருட்டு வேட்டைக்கும் இது புழங்கி வந்திருக்கிறது. காவல்துறைப் பதிவேடுகளில் இதன் பெயர் எஸ்.பி.எம்.எல். (ஒற்றைக்குழல் வாய்வழித் துப்பாக்கி). உரிமம் பெற்றது ‘லைசென்ஸ் துப்பாக்கி’, பெறாதது ‘கள்ளத்துப்பாக்கி’. உருவத்திலும் வேலை செய்யும் விதத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாமல் போகலாம், காகிதத்தில்தான் வேறுபாடு.

இடம்

தளி, ஓசூரிலிருந்து ஏறக்குறைய 25 கி.மீ. தொலைவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அதன் குளிர்ச்சியைக் கண்டு வெள்ளைக்காரர்கள் ‘சின்ன இங்கிலாந்து’ என்றார்கள். அந்தப் பட்டத்தை இன்றும் சுற்றுலாக் கையேடுகள் விடாமல் சுமக்கின்றன. வடக்கே சிறிது தூரத்தில் கர்நாடகத்தின் ஆனேக்கல். கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது நான்கும் சந்தையில் கேட்கும். பசுமைக்குடில்களில் ரோஜாவும் குடைமிளகாயும் விளைய, மானாவாரி நிலங்களில் ராகியும் அவரையும் நிலக்கடலையும் விளைகின்றன. கொய்மலர்களுக்கான இந்திய–இஸ்ரேல் மகத்துவ மையம் தளியில்தான் இருக்கிறது.

இந்த வட்டாரம் நெடுங்காலம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் போனது. 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்தது. நிர்வாக எல்லை இப்படி மாறினாலும் யானைக்கு ஒரே பாதைதான். கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி வழியாகத் தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும், அங்கிருந்து ஊடேதுர்க்கம், சானமாவு காடுகளுக்கும் கூட்டங்கள் ஆண்டுதோறும் ராகி முற்றும் மாதங்களில் வருகின்றன. 1980-களில் இந்தக் கூட்டங்களில் சில ஓசூர்ப் பக்கத்தைத் தாண்டி ஆந்திரத்தின் சித்தூர்க் காடுகள்வரை போய் அங்கேயே தங்கின. 2014-இல் இந்தப் பகுதியின் காப்புக்காடுகளும் அண்டைக் காடுகளும் சேர்த்து 504 சதுர கி.மீ. பரப்பில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நாட்டுத் துப்பாக்கியின் சட்ட நிலையை இந்த அறிவிப்பு எப்படி மாற்றியது என்பது கீழே வரும்.

அமைப்பு

உறுப்புகள் குறைவு. ஒரு பக்கம் மூடிய இரும்புக் குழல், மரக்கட்டை, சுத்தியல் போன்ற அடிப்பான், விசை, குழலின் அடியில் செருகி வைத்த இடிகம்பி. குழலின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு முளையின்மேல் ‘கேப்பு’ எனப்படும் தட்டுவெடி மூடி உட்காரும். விசையை இழுத்ததும் அடிப்பான் கேப்பைத் தட்ட, அதன் பொறி துளை வழியே உள்ளே போய்க் கருமருந்தைப் பற்றவைக்கும். தட்டினால் வெடிக்கும் இரசாயனத்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807-இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து செப்புக் கேப்பு வந்தது. அதற்கு முன்பு எரியும் திரியையும் சக்கிமுக்கிக் கல்லையும் நம்பியிருந்தார்கள். உலகப் படைகள் 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலேயே கைகழுவிய இந்தத் தொழில்நுட்பம் இந்திய மலைக்கிராமங்களில் 21-ஆம் நூற்றாண்டுவரை உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் சட்டம். இரண்டாவது காரணம், கடையில் தோட்டா வாங்காமலே இதை ஓட்ட முடியும் என்பது.

குண்டாக ஈயக்குண்டும் ரவையும் போடுவது பழைய வழக்கம். இப்போது பிடிபடும் துப்பாக்கிகளோடு பெரும்பாலும் ‘பால்ரஸ்’ கிடைக்கிறது. பேரிங்கில் இருக்கும் எஃகு உருண்டைதான் அது. ஈயம் இளகியது, குழலைக் கீறாது. எஃகு உருண்டை குழலையும் கெடுக்கும், எங்கே போகும் என்ற உறுதியும் தராது. யானையின் தோலில் புதைந்து ஆறாத சீழ்ப்புண்ணாகி, மாதக்கணக்கில் அதை அலைக்கழிப்பதும் இவ்வகை உருண்டைகள்தான்.

கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. வெடித்ததும் எழும் வெண்புகை அதுதான். குழலின் உட்சுவரில் படியும் கரியும் அதுதான். அந்தக் கரி காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். தளியின் பனிக்காலத்தில் சுட்டுவிட்டுக் கழுவாமல் பரணில் சொருகிவைத்த குழல் வெகு விரைவில் துருவேறும். துருவேறிய குழலில் வழக்கமான அளவு மருந்தைப் போட்டாலும் வெடித்துப் பிளக்கக்கூடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இரட்டைச் சுமை. கேப்பு தட்டியும் வெடிக்காமல் போனால், உள்ளே மருந்து இருப்பதை இருட்டில் மறந்து, அதன்மேல் இன்னொரு தடவை மருந்தும் குண்டும் இடித்துவிடுவது. இது படிக்காதவன் செய்யும் தவறு என்று ஒதுக்க முடியாது. 1863-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளில் ஏறக்குறைய 24,000 மருந்து போட்டபடியே கிடந்தன. அவற்றில் பாதியில் ஒன்றுக்கு மேற்பட்ட சுமை இருந்தது. அவர்கள் பயிற்சி பெற்ற படைவீரர்கள்.

ஒலி

வெடிச்சத்தம் என்று நாம் கேட்பது பொதுவாக இரண்டு சத்தங்கள். குழல்வாயிலிருந்து வாயு சீறி வெளியேறும் ஓசை ஒன்று. குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் ‘சடார்’ இன்னொன்று. காற்றில் ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டர். வெப்பம் ஒரு பாகை குறைந்தால் வேகமும் சுமார் 0.6 மீட்டர் குறையும். தளியின் மார்கழி இரவில் 340-க்குப் பக்கத்தில் இருக்கும். இன்சாஸ் போன்ற படைத்துப்பாக்கியின் குண்டு நொடிக்கு 900 மீட்டர் அளவில் பறப்பதால் இரண்டு சத்தமும் உண்டு. நாட்டுத் துப்பாக்கியின் குண்டு, மருந்தின் அளவையும் தரத்தையும் பொறுத்து, ஒலிவேகத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோதான் போகிறது. ஆனாலும் அதன் முழக்கம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும், ஏனெனில் குழல்வாய்ச் சத்தத்தை அடக்க அதில் எதுவும் இல்லை.

சத்தத்தைக் குறைப்பது என்பது வேறு நாடுகளில் தனி நுட்பமாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, அதற்குப் புதிய பற்றுமூடி, மருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே தோட்டா கட்டுவது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. அவர்களில் ஒரு சாரார் ஒலிவேகத்துக்குக் கீழே பறக்கும் தோட்டாவைக் கட்ட முயல்வார்கள். போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் துப்பாக்கியில் இது பெரிய சிக்கல் இல்லை. அரைத் தானியங்கியில்தான் வில்லங்கம். அது, சுட்ட தோட்டாவின் வாயுவில் ஒரு பங்கை எடுத்தே போல்ட்டைப் பின்னால் தள்ளி, வெறுங்கூட்டை வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்றிக்கொள்கிறது. குண்டை மெதுவாக்க மருந்தைக் குறைத்தால் வாயுவும் குறைகிறது. போல்ட் பாதியிலே நின்றுவிடும். கூடு வாயில் சிக்கும். அடுத்த தோட்டா ஏறாது. மருந்தை மேலும் குறைத்தால் குண்டு குழலுக்குள்ளேயே தங்கிவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். ஆக, அங்கே நவீன ஆயுதத்தோடு மல்லுக்கட்டுகிறவரும் இங்கே இடிகம்பியோடு நிற்கிறவரும் பயப்பட வேண்டியது குழலுக்குள் தங்கிப்போன ஒரே பொருளுக்குத்தான்.

இதற்குத் தீர்வாகக் குண்டின் எடையைக் கூட்டுகிறார்கள். கனமான குண்டு மெதுவாக நகர்வதால், வேகம் குறைவாக இருக்கும்போதே போல்ட்டைத் தள்ளப் போதிய அழுத்தம் கிடைக்கிறது. 2011-இல் அமெரிக்கத் தோட்டாத் தர நிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்ட .300 பிளாக்அவுட் தோட்டா இந்த நோக்கத்தை மனதில் வைத்தே உருவானது. அதில் ஒலிவேகத்துக்குக் கீழே பறக்கும் குண்டுகள் 13 – 14 கிராம் எடையில் இருக்கும். வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இன்னொரு வழி. இந்தியப் படையும் காவல்துறையும் பல பத்தாண்டுகள் தூக்கித் திரிந்த, ஈசாப்பூரில் செய்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில்கூட அப்படி ஒரு வாயுத் திருகு இருந்தது. ஜெர்மனியின் எம்பி5எஸ்டி துப்பாக்கி வேறு வழியைப் பிடித்தது. சாதாரணத் தோட்டாவையே போட்டு, குழலில் இட்ட துளைகள் வழியே வாயுவைக் கசியவிட்டு, குண்டின் வேகத்தைத் தணித்துக்கொள்கிறது. கருமருந்தால் இந்த வேலைகள் எதுவும் நடக்காது. அதன் கரி, வாயுத்துளையைச் சில வெடிகளிலேயே அடைத்துவிடும். 1884-இல் பிரான்ஸின் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகே தானியங்கிகள் நம்பகமாக ஓடத் தொடங்கின. தமிழ்நாட்டில் அந்த வகை மருந்து செய்யும் இடம் நீலகிரியின் அருவங்காடு. அங்கே கார்டைட் ஆலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது.

தளிக் காட்டில் சத்தமில்லாமல் வேட்டையாட விரும்புகிறவன் இந்தப் பக்கமே வருவதில்லை. அவனிடம் அதைவிட மலிவான, அதைவிடக் கொடிய வழிகள் இருக்கின்றன. சுருக்குக் கம்பி சத்தமே போடாது. மின்கம்பியிலிருந்து கொக்கி போட்டு இழுத்த வேலியும் போடாது. பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடிமருந்தை ஒளித்துவைக்கும் அவுட்டுக்காய் சத்தம் போடும், ஆனால் வைத்தவன் அப்போது அங்கே இருக்க மாட்டான். 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தின் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இடத்தில் மாண்டன. இரண்டு குட்டிகள் உயிரோடு நின்றன. துப்பாக்கியைப் பற்றி எழும் கூச்சலில் பாதிகூட இந்த வேலிகளைப் பற்றி எழவில்லை.

வரலாறு

பாளையக்காரர் காலத்தில் இங்கே திரித்துப்பாக்கிகள் இருந்தன. மைசூர்ப் போர்களின் பாதை இந்த நிலத்தின் மேலேதான் போனது. 1791-இல் இராயக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தனர். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் பகுதி அவர்கள் கைக்குப் போனது. மேட்டுநிலமான ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி 1799-இல் திப்பு வீழும்வரை மைசூரோடு இருந்தது. போர்கள் ஓய்ந்தபின் ஊரார் கையில் மிஞ்சிய ஆயுதங்களைக் கட்டுக்குள் கொண்டுவரக் கும்பினியும் பின்னர் அரசும் பல சட்டங்கள் போட்டன. அவற்றில் பெரியது, லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். இந்தியர் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு என்பது அதன் சாரம்.

அந்தக் காலத்து விலக்கு ஒன்று எல்லைக்கு அப்பால் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கர்நாடகத்தின் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா எனப்படும் பரம்பரை நிலம் உள்ளவர்களுக்கும் உரிமம் இல்லாமலே சில வகைத் துப்பாக்கிகளை வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அங்கே துப்பாக்கி திருவிழாவில் பூசை பெறும் பொருள். இங்கே தளி மலையில் அதே வகைக் குழல் ஒன்று கீற்றில் சொருகியிருந்தால் சிறை.

சட்டம்

நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு: இந்தியச் சட்டமே அதன் பெயரைச் சொல்லி இடம் கொடுத்திருக்கிறது. 1962 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி கேட்டு விண்ணப்பிக்கும் குடிமகனுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. வாய்வழித் துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தோன்றினால் உட்சுவர் வழவழப்பான குழல் கொண்ட வேறு வகைத் துப்பாக்கிக்கும் அனுமதிக்கலாம். உழவர் கையில் இருக்கத்தக்கது இதுதான் என்று நாடாளுமன்றம் நினைத்து எழுதிய வாசகம் அது. எதிர்முனையில், அரைத் தானியங்கித் துப்பாக்கிகள், கைத்துப்பாக்கி முதலிய சில விலக்குகள் போக, 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் இருக்கின்றன. சாதாரணக் குடிமகன் அவற்றைக் கனவு காணவும் வழியில்லை.

துப்பாக்கி வைத்திருக்க உரிமம் 3-ஆம் பிரிவின்படி. துப்பாக்கியையோ தோட்டாவையோ செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் விற்பதற்கும் தனி உரிமம் 5-ஆம் பிரிவின்படி. பட்டறையில் உரிமமின்றிக் குழல் கடைந்து கொடுப்பவருக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை, ஆயுள்வரை நீளலாம். உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக அதே திருத்தத்தில் கூடியது. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கருமருந்துக்கு இதற்கும் மேலாக 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்பப் பெறுவது இங்கே பழகிப்போன நடைமுறை.

இவற்றுக்கெல்லாம் மேல் நிற்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். அதன் 34-ஆம் பிரிவின்படி, ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டால், அதற்குள்ளும் அதன் எல்லையிலிருந்து 10 கி.மீ.க்குள்ளும் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள் மூன்று மாதத்துக்குள் வனத்துறையிடம் தங்கள் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் முன் ஒப்புதல் இல்லாமல் புதிய உரிமம் எதுவும் வழங்கக் கூடாது. 2014 அறிவிப்போடு ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் பக்கத்துக் காட்டோர ஊர்கள் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி கேட்கும் உரிமையை ஒரு சட்டம் கொடுக்க, அதைக் கேட்க அதிகக் காரணம் உள்ள ஊர்களில் இன்னொரு சட்டம் கதவைச் சார்த்தி வைத்திருக்கிறது. இரண்டும் தனித்தனியே நியாயமானவை. ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் குறை.

பயிர்க்காவலும் வேட்டையும்

ராகி கதிர் பிடித்ததும் நிலத்தின் மூலையில் பரண் எழும். இரவு முழுக்கத் தீமூட்டி, தகரத்தைத் தட்டி, பட்டாசு வெடித்து, டார்ச் அடித்து விழித்திருப்பார்கள். காவலின் பெரும்பகுதி இதுதான். துப்பாக்கி இருக்கும் இடத்தில் அதை வானை நோக்கி வெறும் மருந்தில் வெடித்து ஓட்டுவதே முறையான பயன். காட்டுப்பன்றி ஒரே இரவில் கிழங்கையும் கடலையையும் உழுது போட்டுவிடும். யானை ஒரு கூட்டமாக இறங்கினால் ராகி மட்டும் அல்லாமல் சொட்டுநீர்க் குழாயும் பம்புசெட்டும் போகும்.

உரிமம் இருந்தாலும் விலங்கைச் சுட உரிமை இல்லை என்பது பல உரிமதாரர்களுக்கே தெளிவாகத் தெரியாத விஷயம். யானையும் மயிலும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. காட்டுப்பன்றி, 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், இரண்டாம் அட்டவணையில். பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவின்கீழ் அதிகாரியின் எழுத்துமூல உத்தரவு வேண்டும். கேரளம் 2022-இல் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள்வரை இறக்கி, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டுப் பன்றியைச் சுட வைத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் எடுத்த முடிவு வேறு மாதிரி: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். தளி, அஞ்செட்டிப் பகுதியின் காட்டோர நிலங்களில் பல அந்த முதல் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இருப்பவை. அங்குள்ள உழவருக்கு இந்த அறிவிப்பால் பெரிய பயன் இல்லை.

பயிர்க்காவலையும் கறிவேட்டையையும் பிரிக்கும் கோடு மெல்லியது. பன்றியை விரட்டப் போனவர் மிளாவைக் கண்டால் என்ன செய்வார் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரவில் அசைவைப் பார்த்துச் சுட்டு, கூட வந்தவரையே கொன்ற வழக்குகள் தமிழ்நாட்டின் மலைப்பகுதிகள் அனைத்திலும் உண்டு. நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் புதருக்குப் பின்னால் இருப்பது பன்றியா மனிதனா என்று தெரியும் முன்பே விசை இழுபட்டுவிடுகிறது. இலங்கையின் வன்னியிலும் கிழக்கிலும் இதன் இன்னொரு வடிவம் புழக்கத்தில் உள்ளது. விலங்கு நடமாடும் தடத்தில் துப்பாக்கியைக் கட்டி, விசையிலிருந்து நூலை இழுத்து வைக்கும் கட்டுத்துவக்கு அது. யாரும் பார்க்காமலே வெடிக்கும் அதில் சிக்கிக் கால் இழந்தவர்கள் பலர். இந்தப் பக்கம் அது பரவாததில் ஆறுதல் கொள்ளலாம்.

கடத்தல்காரன் வீரப்பனின் காலம் தனிக் கட்டுரைக்குரியது. கோபிநத்தத்தில் தொடங்கி ஒகேனக்கல் சுற்றுக்காடுகள்வரை நீண்ட அந்த ஆண்டுகளில், 2004 அக்டோபர் 18-இல் பாப்பாரப்பட்டி அருகே அவன் சுட்டுக் கொல்லப்படும்வரை, இரு மாநில அதிரடிப் படைகளும் இந்த எல்லைக்காடுகளை அலசின. யானைத் தந்தத்துக்கும் சந்தனத்துக்கும் பின்னால் போன ஒரு கும்பலின் நிழல் பன்றி விரட்டும் குடியானவர்மீதும் விழுந்தது. நாட்டுத் துப்பாக்கி ஒருவர் வீட்டில் இருப்பது அப்போதுதான் பயிர் சார்ந்த செய்தியாக இல்லாமல் ‘சட்டம் ஒழுங்கு’ செய்தியாக மாறியது என்று கருத இடமிருக்கிறது.

ஒப்படைப்பு

மாவட்டக் காவல்துறை அவ்வப்போது அவகாசம் கொடுத்து, உரிமமில்லாத துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்பவர்மீது வழக்கு இல்லை என்று ஊர்ப் பெரியவர்கள், ஊராட்சித் தலைவர்கள் மூலம் அறிவிப்பது வழக்கம். பெயர் வெளியே தெரிய அஞ்சுகிறவர்கள் கோயில் திண்ணையிலோ தண்ணீர்த் தொட்டி அருகிலோ இரவில் வைத்துவிட்டுப் போக, காலையில் காவலர்கள் எடுத்துப் போவார்கள். சேலத்தின் ஏற்காடு, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை ஆகிய இடங்களிலும் இதே முறை. ஆயுதத்தைக் குறைப்பதில் சோதனையைவிட இது நன்றாக வேலை செய்கிறது; ஆனால் துப்பாக்கி போன இடத்தில் மின்கம்பியும் அவுட்டுக்காயும் வராமல் பார்ப்பது காவல்துறையின் வேலையாக இல்லை. யானைத் தடுப்பு அகழி, சூரியசக்தி வேலி, இரும்புக் கம்பிவட வேலி என்று ஓசூர் வனக்கோட்டம் செய்துவரும் வேலைகள்தான் அதற்கு நேரான பதில். வேலி போட்டு முடித்த இடத்தில் காவல் பரண் குறைகிறது.

இதே மாவட்டத்தின் இன்னொரு முனையில், 2019 ஜனவரி 20-இல் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஒன்றாக ஓசூர் இருக்கிறது; மற்றவை சென்னை, கோயம்புத்தூர், சேலம், திருச்சி. 1966-இல் திறந்த திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைக்கும் அதுபோன்ற ஆலைகளுக்கும் உதிரிபாகம் செய்து கொடுக்கும் நுண்கடைசல் பட்டறைகளை இந்த முனையங்களில் வளர்ப்பது திட்டம். ஓசூரின் சிப்காட் பட்டறையில் உரிமத்தோடு குழல் கடைவது தேசியத் தொழில். அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், உரிமமில்லாமல் அதே வேலை ஏழாண்டுச் சிறை.

மலைக்கிராமங்களில் உரிமமில்லாமல் கிடக்கும் துப்பாக்கிகள் எல்லாமே கள்ளப் பட்டறையில் பிறந்தவை அல்ல. தாத்தா பெயரில் உரிமம் இருந்து, அவர் இறந்தபின் யாரும் புதுப்பிக்காமல், பரணிலேயே தங்கிவிட்டவையும் அவற்றில் உண்டு. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் அதைச் சுத்தம் செய்து பார்க்கவோ விற்கவோ வேண்டாம். உள்ளே பழைய மருந்து இருக்கக்கூடும். ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, காலதாமதமின்றி அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள விரும்பினால், ஒப்படைத்த பிறகு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம்.